உடைகள் சேதம்

டவாலி மூன்று தரம் கூப்பிட்டான்.
முப்புடாதி. முப்புடாதி. முப்புடாதி.
கொடையில் சாமியை வரவழைக்கிற மாதிரி.
எழுந்து போய்க்
கூண்டின் கட்டையில் வலக்கையை வைத்தேன்.
பெருவிரலும் ஆள்காட்டியும்
நூலறுந்த கட்டைப்போல் விலகியே நின்றன.

கம்பெனி தரப்பு என்றார் ஒரு கறுப்புக் கோட்டு.
எனக்குத் தெரிந்த கம்பெனி ஒன்றுதான்.
முக்கூடலில் இலையும் தூளும் நிறுத்துத் தந்து
ஆயிரத்துக்கு இவ்வளவு என்று
சனிக்கிழமை கூலி போடுவது.
இது வேறு கம்பெனி.
வெள்ளைக் கார் வைத்திருக்கிற பையன்
இதற்கு வருசா வருசம் பணம் கட்டியிருக்கிறான்,
என்றைக்காவது என்னை இடிப்போம் என்று
முன்னமே நினைத்து வைத்ததுபோல.

சீதபற்பநல்லூர் விலக்கில் ஆட்டோ கவிழ்ந்ததும்
மடியில் இருந்த நாலாயிரம் பீடியும் ரோட்டில்.
அதைத்தான் முதலில் பொறுக்கப் பார்த்தேன்.
விரல் வரவில்லை.

"வீட்டில் இருந்தபடி செய்கிற வேலைதானே,
இடக்கையால் சுற்றலாமே?"
தூளின் கனம் பெருவிரலுக்குத்தான் தெரியும்,
எனக்கே தெரியாது.
அதை எப்படிச் சொல்ல.
"நீங்க ஒண்ணு சுத்திக் காட்டுங்கய்யா" என்றேன்.
ஜட்ஜம்மா கண்ணாடியைக் கழற்றி
வெகுநேரம் துடைத்தார்கள்.

பிரைவேட் டாக்டர் எழுதியது முப்பத்தைந்து சதவீதம்.
ஐகிரவுண்டில் மூன்று பேர் கூடி
மடக்கு, நீட்டு, மடக்கு என்று பார்த்துவிட்டு
இருபத்திரண்டு என்றார்கள்.
பதின்மூன்று கழிவு.
கழிவு எனக்குப் புதுசில்லை.
கடையில் செக்கர் ஒரு கட்டைப் பிரித்து
மெலிசு, ஓட்டை, தூள் கம்மி என்று ஒதுக்குவார்.
கூலியில் பிடிப்பார்.
ஒதுக்கியதைத் திருப்பியும் தரமாட்டார்.

வக்கீல் செல்வின் கேஸ்கட்டின் முதுகில் கணக்குப் போட்டார்.
மாசம் ஒன்பதாயிரம், பன்னிரண்டு மாசம்,
வயசு முப்பத்தெட்டு, அதனால் பெருக்கு பதினைந்து,
அதில் நூற்றுக்கு இருபத்திரண்டு.
மூன்று லட்சத்து ஐம்பத்தாறாயிரத்து நானூறு.
ஒன்பதாயிரத்துக்கு என்ன சாட்சி என்றது கறுப்புக் கோட்டு.
பாஸ்புக்கு மாமியார் பேரில்.
மாமியார் போய்ப் பத்து வருசம்.
ஆக, பத்து வருசமாக
ஒரு செத்தவள்தான் பீடி சுற்றியிருக்கிறாள்.
அவள் விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

லோக் அதாலத்துக்கு வந்தால் ரெண்டு லட்சமாம்.
கையெழுத்துப் போட்டால் அடுத்த மாசம் செக்.
மாட்டேன் என்றால் தீர்ப்பு,
தீர்ப்புக்குமேல் அப்பீல்,
மதுரைக்குப் போன கட்டு
எந்த பஸ்ஸில் திரும்புமென்று செல்வினுக்கும் தெரியாது.
வட்டி உண்டு என்கிறார்.
மூத்தவளுக்குக் காலேஜ் பீஸ் ஜூனில்.
இடக்கையால் பெயரெழுதிப் பழகிக்கொண்டிருக்கிறேன்,
'ப்பு' மட்டும் இன்னும் கோணலாய் வருகிறது.

வராந்தாவில் எதிர்மனுதாரர் ஒன்று
என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.
இருபத்துநாலு இருபத்தஞ்சு வயசிருக்கும்.
தண்ணிப் பாட்டிலோடு நான் மல்லுக்கட்டுவதைப் பார்த்து
வாங்கித் திருகித் தந்தான்.
"ராத்திரி உறக்கம் வரமாட்டேங்குக்கா."
வலிக்கும் வேதனைக்கும் என்று
எனக்கு நாற்பதாயிரம் கேட்டிருக்கிறது மனுவில்.
அவனுக்கு அப்படியொரு இனமே கிடையாது.
பாட்டிலை நான் மூடக் கொடுத்தேன். மூடித் தந்தான்.

மிச்சத்தை செல்வின் வாசித்துக் காட்டினார்.
சத்துணவு. போக்குவரத்து. கூட இருந்த ஆள் கூலி.
கடைசி வரி:
உடைகள் சேதம், ரூபாய் ஆயிரம்.

அன்றைக்கு நான் கட்டியிருந்தது மதினி சேலை.
ஆஸ்பத்திரியில் கத்திரி வைத்து
நெட்டுக்குக் கிழித்துத்தான் எடுத்தார்கள்.
பஸ் ஏறியதும் அவளுக்குப் போன் போட்டேன்.

"எழுநூறுதான் ஏட்டி அது," என்றாள் சொர்ணக்கிளி.
"மிச்சம் முந்நூறை
வாயத் தொறந்து அவுககிட்டச் சொல்லிராத."