எத்தனை இஞ்சு

தொள்ளாயிரத்து நாற்பது அடி வரைக்கும்
புகைதான் வந்தது.

காங்கேயத்துக்குத் தெற்கே
பாவாயக்கா காட்டில்
இரவு இரண்டேகால் மணி.
கம்ப்ரசரை நிறுத்தினேன்.
அத்தனை நேரம் இரைச்சல் குடித்த காது
சும்மா இருக்கத் தெரியாமல்
கொஞ்ச நேரம் தானாகவே இரைந்தது.

கிளுவை வேலி, லாரி, காய்ந்த கொழுக்கட்டைப் புல்,
அக்காவின் கொண்டை,
எல்லாவற்றின் மேலும் ஒரே வெள்ளை மாவு.
எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் புகை.
புகை போயிருச்சு என்றால்
காசு போயிருச்சு.

சொம்பில் டீ கொண்டுவந்த அக்கா கேட்டது:
"ஏனுங், ஆப்பிரிக்காவெல்லாம் போய்க் குழி போட்டீங்களாமே,
அங்கெல்லாம் தண்ணி கெடைக்குதுங்களா?"

கிடைக்கிறது.
சில இடத்தில் நூற்றிருபது அடியிலேயே
முகத்தில் அடிக்கும்.
திருச்செங்கோட்டிலிருந்து கப்பலேறிய எங்கள் வண்டி
உகாண்டா, மலாவி, ஜாம்பியா என்று
ஆறு வருஷம் சுற்றியது.
ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது.
பொங்கியண்ணன் கறி எடுத்துச் சமைப்பான்.
நான் பஸ் ஏறித் தண்ணீர் பார்க்கப் போவேன்.

ஒளிந்திருப்பதையே ஆறு நாளும் தேடுகிறவனுக்கு
ஒளியாத தண்ணீரைப் பார்க்க
முதலில் ஒரு கூச்சம்,
யாரோ குளிக்கிற துறைக்குள்
தெரியாமல் நுழைந்துவிட்டதுபோல.

மலாவி ஏரிக்கு நின்ற இடத்திலிருந்து மறுகரை தெரியவில்லை.
அலை வந்து காலில் மோதியது.
ஒரு கை அள்ளிக் குடித்தேன், உப்பில்லை.
நம்பாமல்
இன்னொரு கை.

நைல் புறப்படுகிற இடத்தில்
செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.
வேறு யாரும் கழற்றவில்லை.

அப்புறம் அந்த அருவி.
ஜாம்பேசி ஆறு ஒன்றரைக் கிலோமீட்டர் அகலத்துக்கு
மொத்தமாய்க் கால் வழுக்கி விழுகிற இடம்.
வெகு தூரத்திலேயே பஸ் கண்ணாடியில்
வெள்ளையாய் எழுந்து நின்றது வானத்தில்.
"யாரோ குழி போடறாங்க,
புகை போகுது, பாவம்" என்றேன்.
கூட வந்த முலெங்கா எங்கள் வண்டியில் ராடு மாட்டுகிறவன்.
அவனுக்குத் தமிழில் நாலு வார்த்தை தெரியும்:
கல்லு, புகை, சோறு, போதும்.
"புகைதான்" என்றான் சிரித்துக்கொண்டே.
இடிக்கிற புகை என்பதுதான்
அவர்கள் அதற்கு வைத்த பெயராம்.

அதற்குள் நடந்தேன்.
சட்டை, பனியன், பையிலிருந்த பீடிக்கட்டு எல்லாம் ஈரம்.
இருபத்தொரு வருஷத்தில்
புகை என்னை நனைத்தது
அன்றைக்குத்தான்.

போனில் படம் காட்டினேன்.
முந்தானையால் மாவைத் துடைத்துவிட்டு
அக்கா பார்த்தது.
ஆழம் கேட்டது.
முந்நூற்றைம்பது அடி இருக்கும் என்றேன்.
"நம்ம காட்டுல அந்த அடியில ஈரவாசங்கூட இல்லீங்களே."
அப்புறம்,
"இது எத்தன இஞ்சு தண்ணீங்க?"

டிக்கெட் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள்,
முதலை உண்டா என்று கேட்டிருக்கிறார்கள்.
இதை யாரும் கேட்டதில்லை.
அங்கே நின்று நான் மட்டும் கணக்குப் போட்டேன்.
நம் பக்கம் ஒன்றரை இஞ்சு வந்தால் கிடா வெட்டு.
இரண்டரை வந்தால்
பேசாமலிருந்த பங்காளிகூட டீ வாங்கித் தருவான்.
அங்கிருந்து ஆரம்பித்து எண்ணிக்கொண்டே போய்
எங்கேயோ விட்டுவிட்டு
கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"கணக்கு வரலீங்கக்கா."

சத்தத்தைக் கூட்டச் சொன்னது.
அணைந்த ஹெட்லைட், கட்டுத்தறியில் இரண்டு மாடு,
போனுக்குள்ளிருந்து ஓர் ஆறு
முழுசாக விழுந்தது.
மாடுகள் காதைத் திருப்பின.
பனையில் அடைந்திருந்த மயில்
என்னவென்று தெரியாமலே அகவ,
ஓடைப் பக்கமிருந்து இன்னொன்று பதில் சொன்னது.

படம் நாற்பது விநாடிதான்.
முடிந்ததும்
அக்காவே விரலால் தொட்டு மறுபடி ஓடவிட்டது.

மூன்றாம் முறைக்குப் பிறகு
போனைத் திருப்பித் தந்தது.
"இன்னொரு நூறடி உட்டுப் பாக்கலாமுங்களா?
அடிக்கு அஞ்சு ரூவா கொறச்சுக்குங்க."

பொங்கியண்ணனை எழுப்பினேன்.
எட்டு ரூபாய் குறைத்துக்கொண்டு
வண்டியைக் கிளப்பினேன்.