உதைத்துப் பாருங்கள்

பங்குனி வெயிலில் எங்கள் வேப்பங்கதவு இளைத்துப்போகும்.
நிலைக்கும் அதற்கும் நடுவே
என் கண்டக்டர் விசிலையே நுழைக்கலாம்.
ஐப்பசியில் ஊறிப் பருத்துக்கொண்டு
எங்களுக்கே திறக்காது,
தோள் கொடுத்து இடிக்க வேண்டும்.
வந்தவனுக்கு மாதக் கணக்கு தெரிந்திருக்கிறது.

குத்தாலத்தில் ஒரு வளைகாப்பு.
திரும்பி வந்து செல்போன் வெளிச்சத்தை அடித்தபோது
பூட்டு பூட்டியபடிதான் இருந்தது.
கதவுதான்
நிலையோடு பெயர்ந்து உள்ளே சாய்ந்திருந்தது.

நீடாமங்கலம் ஏட்டு சொன்னார்:
"இப்பல்லாம் பூட்டை எவன் சார் உடைக்கிறான்,
நிலையைத்தான் நெம்புறான்."
கொல்லையில் கிடந்த கடப்பாரையைத்
துணி சுற்றி எடுத்துக்கொண்டார்.
எங்கள் கடப்பாரை.
தேங்காய் உரிக்க நட்டுவைத்தது.

ஏழரைப் பவுன்.
மங்கையர்க்கரசி அழவில்லை.
உளுந்து டப்பாவுக்குள் முழங்கைவரை துழாவி
இரண்டு வளையலை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு
மறுபடி புதைத்தாள்.
அதன்பிறகு பதினொரு மாதம்
எங்கள் வீட்டில் இட்லி இல்லை.
ராத்திரியில் தையல் மெஷினைக்
கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுப் படுத்தோம்.

தஞ்சாவூர் பைபாஸ் கடையில்
வீடில்லாத கதவுகள் வரிசையாக நின்றன.
ஒன்றைத் திறந்தால் அதன் பின்னால் இன்னொரு கதவு.
இரும்பின்மேல் தேக்கு ரேகை அச்சடித்திருந்தது.
கண்ணை மூடித் தடவினால்
சில்லென்று பொய் தெரிந்தது.
ஆரோன் என்று சட்டையில் பெயர் குத்திய பையன்
ஒரே மூச்சில் சொன்னான்:
பன்னிரண்டு போல்ட், ஒரே திருப்பு, கீல் உள்பக்கம்,
கடப்பாரை நுனி வைக்க இடுக்கே கிடையாது.
கைரேகைப் பூட்டும் இருந்தது.
மங்கை விரல் வைத்தாள். அது அவளை ஏற்கவில்லை.
வேறு விரல். வேறு கை.
"ரேஷன் கடை மெஷினும் இப்படித்தான்,
சாவி வச்சதையே காட்டுப்பா."

"நம்பிக்கை இல்லைன்னா உதைச்சுப் பாருங்க சார்."
நான் உதைத்தேன், மரியாதையாக,
பஸ் டயரைத் தட்டிப் பார்ப்பதுபோல.
மங்கை செருப்பைக் கழற்றினாள்.
முந்தானையை இடுப்பில் செருகினாள்.
முதல் உதைக்குக் கல்லாவில் இருந்தவர் சிரித்தார்.
நான்காவதுக்கு
வாசலில் டீ குடித்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.
எண்ணுவது என் தொழில்,
பதினேழு.
"அக்கா, கால்..." என்றான் ஆரோன்.
மூச்சு வாங்க அவள் சொன்னாள், "இது போதும்."
கதவைச் சொன்னாளா,
உதைத்ததைச் சொன்னாளா,
இன்றுவரை நான் கேட்கவில்லை.

அறுபத்தெட்டாயிரம், பொருத்துக்கூலி தனி.
மறுநாள் கூட்டுறவு வங்கியில்
வளையல்களைத் தட்டில் வைத்தாள்.
மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்க்கும் முன்
பூவேலை இடுக்கிலிருந்து
ஒரு பருப்பை ஊதித் தள்ளினார்.

பழைய நிலையின் மிச்சத்தைப் பெயர்க்கக்
கொத்தனார் கலியமூர்த்தி கடப்பாரை கேட்டார்.
எங்களுடையது கேஸில் இருக்கிறது.
பக்கத்து வீட்டில் இரவல் கேட்டோம்.
கட்டிலுக்கு அடியில் தவழ்ந்துபோய்
எடுத்துக்கொண்டு வந்தார்கள்.
அவன் சில நிமிஷத்தில் முடித்ததை
கலியமூர்த்தி மத்தியானம்வரை இடித்தார்.

ஐப்பசி வந்தது.
வெண்ணாறு கரையைத் தொட்டு ஓடுகிறது,
கதவு ஒரு நூல்கூடப் பருக்கவில்லை.
உள்ளே அது காப்பதற்கு
ஒரு அடகுச் சீட்டும் தையல் மெஷினும் நாங்களும்.

நேற்றுக் கடைசி ட்ரிப் முடித்து
நனைந்துகொண்டு வந்தேன்.
பழக்கதோஷம், சாவியை மறந்து தோளால் இடித்துவிட்டேன்.
உள்ளே உளுந்து அரைபடும் சத்தம் நின்றது.
"யாரு?"
பதினாறு வருஷத்தில்
இந்தக் குரலில் அவள் என்னைக் கேட்டதில்லை.
தோளைத் தடவிக்கொண்டு
அந்தச் சின்னக் கண்ணாடிக்கு நேராக
முகத்தை நீட்டி நின்றேன்,
கண்ணாடியில் அவள் கண்ணின் நிழல் விழும்வரை.