ஆயிரத்து நூற்றைம்பது டாலர் சனி

காருக்குச் சனி என்று பெயர் வைத்தவர்கள்
ஏழரை ஆண்டைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.
ஓஹையோவில் அது வளையம் போட்ட ஒரு கோள், அவ்வளவுதான்.
கம்பெனி மூடி நாலு வருஷம் ஆனது மட்டும்
கொஞ்சம் நம் கணக்கோடு ஒத்துப்போகிறது.

யங்ஸ்டவுன். மார்ச். மளிகைக் கடை வாகன நிறுத்தம்.
ஒதுக்கித் தள்ளிய பனி கரிப் பாறையாகி
விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறது.
மார்லா பிளெவின்ஸ் கோட்டின் உள்பையில் உறையை
இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.
ரொட்டித் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட்.
வேலை பதினொன்றுக்கு, கடைசிப் பேருந்து ஒன்பது நாற்பதுக்கு.
மிஞ்சிய நேரத்தை இரண்டு குளிர்காலமாய்ப்
பெட்ரோல் பங்க் வாசலில்
காப்பிக் கோப்பையில் கை காயவைத்தே கழித்தவள்.

வெர்ன் ஹுடாக் எதையும் ஒளிக்கவில்லை.
"எண்ணெய் குடிக்கும். ஆயிரம் மைலுக்கு ஒரு குவார்ட்."
டிக்கியில் ஆறு பாட்டில், ஒரு புனல், ஒரு பழைய துண்டு.
முன்கதவை முட்டியால் இடித்தார்;
பிளாஸ்டிக், உள்ளே போய் வெளியே வந்தது.
"இந்த ஊரில் துருப்பிடிக்காத கதவு இது ஒன்றுதான்."

மார்லா குனிந்து அடியில் பார்த்தாள்.
சாலைக்கு உப்பிட்ட நகராட்சியை
அடித்தகடு உள்ளளவும் நினைத்துக்கொண்டிருந்தது.

ஆயிரத்து நானூறு என்றார்.
ஆயிரம் என்றாள்.
எஞ்சின் விளக்கின் மேல் விரலை வைத்து,
"இது எப்போதும் எரியுமா?"
"துணைக்கு எரிகிறது," என்றார்.
சிரிப்பு வந்ததை இரண்டு பேரும் அடக்கிக்கொண்டார்கள்.
நூற்றைம்பதில் வந்து நின்றது பேரம்.

நோட்டரி முத்திரை விழுந்து
சாவி கை மாறிய பிறகுதான் உறைத்தது:
அவர் வீட்டுக்குப் போக வண்டி இல்லை.

ஏறிக்கொண்டார், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில்.
பதினோரு வருஷத்தில் அந்தப் பக்கம் உட்கார்வது
இதுதான் முதல் தடவை.
முழங்கால் எங்கே போவது என்று தெரியவில்லை.
ஒவ்வொரு சிக்னலிலும்
இல்லாத பிரேக்கை அவர் கால் மிதித்தது.

வீட்டு வாசல். கைப்பிடியை இழுத்தார்.
மறுபடி இழுத்தார். தோளால் முட்டினார்.
"இது... உள்ளேயிருந்து திறக்காதா?"

மார்லாவுக்கு எப்படித் தெரியும்?
அவள் காருக்குச் சொந்தக்காரியாகி
முப்பத்தைந்து நிமிஷம்.
இறங்கி, முன்பக்கமாய்ச் சுற்றி வந்து திறந்துவிட்டாள்.

அவர் இறங்கவில்லை.
"நடீன் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள்,
நான் வந்து திறக்கிறவரைக்கும்.
பெரிய மகாராணி என்று நினைத்துக்கொண்டேன்.
ஒரு தடவை மழை... நான் பாட்டுக்கு உள்ளே போய்விட்டேன்."

கதவைப் பிடித்தபடி நின்றாள் மார்லா.
நடீன் எங்கே என்று கேட்கவில்லை.
தபால் பெட்டியில் ஒரு பெயர்தான் இருந்தது,
அதற்குக் கீழே
இன்னொன்றைச் சுரண்டி எடுத்த தடம்.

குளிர் ஏறிக்கொண்டே போனது. தொண்டையைச் செருமினாள்.
"சொல்லாமல் விட்ட பழுது. நாற்பது டாலர்."
அவர் பேரம் பேசவில்லை.
உறையிலிருந்து இரண்டு இருபதை எடுத்து நீட்டிவிட்டுக்
கடைசியில் இறங்கினார்,
காலை எங்கே ஊன்றுவது என்று பார்த்துப் பார்த்து.

அன்றிரவு பத்து ஐம்பதுக்கு
தொழிற்சாலை வாசலில் எஞ்சினை அணைத்தாள்.
காப்பி வாங்கவில்லை.
காலை ஏழு மணிக்கு, மாவு படிந்த புருவத்தோடு,
யொலாண்டா கூட வந்து ஏறினாள்.
சீட் பெல்ட்டை மாட்டும் முன்பே மார்லா சொன்னாள்:
"அந்தக் கதவு உள்ளேயிருந்து திறக்காது.
பேசாமல் உட்கார்ந்திரு, நான் வந்து திறப்பேன்."

சரி என்றாள் யொலாண்டா.
சொன்ன பிறகும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.