நிறுத்திய காரணம்

இந்த நகரத்துக்குப் பெயர் கூர்.
ரயிலால் இறங்கிய முதல் நாள்
பலகையை வாசித்துச் சிரித்தேன்.
இடக் கண்ணுக்குப் பின்னால்
அந்தப் பெயர் குடியேறும் என்று தெரியாது.

மலை தாண்டி வெக்கைக் காற்று இறங்குகிற நாட்களில்
பார்வையின் ஓரத்தில் ஒரு வெள்ளி அரம்
பல் பல்லாக விரியும்.
அதிலிருந்து எனக்கு இருபது நிமிடம்,
திரைச்சீலை இழுக்க, வாளி எடுத்துவைக்க.
மாதத்தில் பதினொரு நாள்.

முதற் குளிசை நெஞ்சுக்கானது, தலைக்கும் கேட்குமாம்.
நாடி ஐம்பதில் நின்றது.
ஆஸ்பத்திரிப் படியில் பாதியில் நின்று
பனி பார்ப்பதாய்ப் பாசாங்கு செய்தேன்.
ஒன்பது நாள்.

அடுத்தது இரவுக் குளிசை.
நல்ல நித்திரை. காலையிலும் நல்ல நித்திரை.
நாக்கு பலகை. பாவாடைக் கொக்கி இரண்டு தள்ளிப்போனது.
ஏழு. "மோசமில்லை" என்றார் டொக்டர் காஃப்லிஷ்.

மூன்றாவதுதான் கெட்டிக்காரன்.
மூன்று நாள்! மாதத்தில் மூன்றே நாள்!
விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது, ஊரட்டும்.
சோடா தகரமாய்க் கசந்தது, அதை யார் குடிக்கிறார்கள்.

பிறகு ஒரு வியாழன், அறை பதினாலு.
நெடுந்தீவுக்காரர், சத்தியசீலன்,
"கால் உளையுது பிள்ளை" என்றார்.
உளைவு கடுப்பல்ல, குத்தல்ல, எரிவல்ல.
அதை டொச்சில் சொல்ல எனக்கொரு வழி இருந்தது,
பன்னிரண்டு வருடம் தேய்த்தெடுத்த வழி.
வாய் திறந்தேன்.
இல்லை.
சரி, வெறும் வலி என்றாவது சொல்லுவோம்.
அதுவும் இல்லை.
வைத்தியர் என்னைப் பார்த்தாள்.
அவர் தன் காலை மறந்து
"தண்ணி குடியும் பிள்ளை" என்றார்.

மொழிபெயர்ப்பாளருக்கு மணிக்கணக்கில் சம்பளம்.
அந்த நிமிடத்தையும் எழுதித்தான் கொடுத்தேன்.

ஊசிக்குக் காப்புறுதி சம்மதிக்கவேண்டுமென்றால்
தோற்ற மருந்துகளின் கணக்கு வேண்டும்.
காஃப்லிஷ் படிவத்தைத் திருப்பிவைத்தார்:
மருந்து, அளவு, எத்தனை மாதம், நிறுத்திய காரணம்.
முதலிரண்டையும் அவரே நிரப்பினார்.
மூன்றாவதில் பேனா நின்றது.
"இது வேலை செய்ததே?"
செய்தது. நான்தான் வேலை செய்யவில்லை.

பேனாவை வாங்கினேன்.
கட்டம் இரண்டு விரல் அகலம்.
தமிழில் எழுதினேன், உளைவு என்று.
தலையைச் சரித்துப் பார்த்தார்,
"இதற்கு என்ன அர்த்தம்?"

யன்னலுக்கு வெளியே காற்று திரும்பியிருந்தது.
கண்ணோரத்தில் முதற் பல்.
பொறுங்கள், சொல்கிறேன் என்றேன்.
இருபது நிமிடம் இருந்தது.