ஒன்பது நொடி

தம்பெரே நகரில் பிப்ரவரி.
ஏரி இறுகிக் கிடக்கிறது.
அலுவலகத்தில் எனக்காகக் கேக் வெட்டுகிறார்கள்.

வாடிக்கையாளர் பதினான்கின் புகார் இது:
ஒரு முகத்தைத் தேடிப் பிடிக்கப்
பதினொரு நொடி ஆகிறது.
நாட்டின் பெயர் ஒப்பந்தத்தில் உண்டு.
நாங்கள் எண்ணைத்தான் சொல்வோம்.

மூன்று வாரம் உட்கார்ந்தேன்.
இரண்டு நொடிக்கு இறக்கினேன்.
"எப்படி, ஹில்லெவி?" என்றார் ஓஸ்மோ.
அட்டவணையைத் திருப்பிப் போட்டேன்,
அவ்வளவுதான்.

நன்றிக் கடிதத்தோடு
ஒரு காணொளியும் வந்தது.
சந்தை வாசல்.
வெங்காயப் பையோடு ஒருத்தி
தற்செயலாக நிமிர்கிறாள்.
பச்சைக் கட்டம் முகத்தில் விழுகிறது.
பிறகு நான்கு பேர்.
பிறகு பை மட்டும்.
வெங்காயங்கள் திசைக்கொன்றாய் உருள்கின்றன,
அவற்றை யாரும் தேடவில்லை.

பத்தடியில் ஒரு பேருந்து,
கதவு திறந்தபடி.
நிறுத்தி நிறுத்தி எண்ணிப் பார்த்தேன்.
ஓடி ஏற ஏழு நொடி போதும்.
மீதி இரண்டில்
ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள்.

கேக்கில் என் பெயரைப்
பிழையில்லாமல் எழுதியிருக்கிறார்கள்.
"பெரிய துண்டு உனக்கு" என்கிறார் ஓஸ்மோ.

தட்டை வாங்கிக்கொள்கிறேன்.