நடத்தை: நன்று

நாற்பத்து மூன்று மதிப்பெண் அட்டைகள்.
கடைசிக் கட்டம் நடத்தைக்கு,
தீப்பெட்டி அகலம்.
அதற்கென்றே அலுவலகத்தில் ஒரு ரப்பர் முத்திரை: நன்று.
ஊதா மையில் தோய்த்து டொப் டொப்பென்று குத்தினால்
கால் மணி நேரத்தில்
நாற்பத்து மூன்று ஆன்மாக்களின் கணக்கு முடிந்துவிடும்.

ஒன்பது மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிட்டார்கள்.
மெழுகுவர்த்தி ஏற்றினேன்.
ஜன்னலுக்கு வெளியே மலை செங்குத்தாய் இறங்க,
அடியில் மலாவி ஏரி,
மீன்பிடிப் படகுகளின் விளக்குகள்.
வானத்தை யாரோ கைதவறிக்
கீழே போட்டதுபோல.

முதல் அட்டை சுஸ்கோ ம்சிஸ்கா.
நூற்றுப் பத்தொன்பதாம் சங்கீதத்தைத்
தடுக்காமல் ஒப்பிப்பான்.
அதே வாரம் வேதியியல் விடைத்தாளை
ஐந்நூறு குவாச்சாவுக்கு விற்றான்.
ஏழைப் பிள்ளைகளுக்குக் கடனாகவும் கொடுத்திருக்கிறான்.
டொப்.

லுசுங்கு: ஜெபத்தில் தூங்குகிறாள்.
வலிப்பு வரும் சின்னப் பெண்ணின் கட்டிலருகே
இரவெல்லாம் விழித்திருப்பவள்.
யாரும் அவளுக்குச் சொல்லவில்லை;
அவளும் யாருக்கும் சொல்லவில்லை.
சிற்றாலய வருகைப் பதிவேட்டில்
அவள் பெயருக்கு எதிரே ஏழு சிவப்புக் கோடுகள்.
டொப்.

வெசி, பந்து தன் கையில் பட்டதைத்
தானே நடுவரிடம் சொன்னவன்.
கோப்பை போயிற்று.
அன்றிரவு விடுதியில் அவனை அடித்தவர்களில்
வேதபாட வகுப்பின் தலைவனும் உண்டு.
அந்தத் தலைவன் அடுத்த அட்டை.
டொப். டொப்.

பிறகு தோவேரா கும்வெண்டா.
கை நின்றது.

இவள் அந்தத் தோவேரா இல்லை.
அவளுக்கு இப்போது என் வயது இருக்கும்.

அப்போதும் இதே பள்ளி, இதே முத்திரை,
பிடியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.
அறுவடைப் பண்டிகைக் காணிக்கைப் பையிலிருந்து
இருபத்தொரு குவாச்சா எடுத்தேன்,
ஒரு ஜோடி வெள்ளைக் காலுறைக்கு.
அன்று ஆலயம் பெருக்கும் முறை தோவேராவுடையது.
வேறு சாட்சி தேவைப்படவில்லை.

வரிசையில் நிற்கவைத்துத் தலைமையாசிரியர் கேட்டார்,
யாருக்காவது ஏதாவது தெரியுமா?
மூன்று முறை கேட்டார்.
நான் என் கால்களைப் பார்த்தேன்.
சேவல் எதுவும் கூவவில்லை.
எங்கள் பள்ளிச் சேவல்களெல்லாம்
பண்டிகைக்கு முந்தைய நாளே குழம்பாகிவிட்டிருந்தன.

தகரப்பெட்டியைத் தலையில் வைத்து இறங்கிப் போனாள்.
விடுதி மாடியிலிருந்து பார்த்தால்
ஒவ்வொரு வளைவிலும் மறைவாள்,
மறுபடி சின்னதாய்த் தெரிவாள்.
எட்டாவது வளைவில் பெட்டியை இறக்கி
ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டாள்.
அவ்வளவு நேரம் இருந்தது எனக்கு.

அந்தப் பருவத்து அட்டையில்
என் நடத்தை: நன்று.
அப்பா ஓர் ஆடு அடித்து
ஊருக்கே சோறு போட்டார்.

போன செவ்வாய் இந்தத் தோவேரா
வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.
கடையில் சில்லறை கூடக் கொடுத்துவிட்டார்களாம்,
கடை பூட்டியிருக்கிறதாம், என்ன செய்வது?
"வைத்துக்கொள், போய் உட்கார்" என்றேன்.
பாதிப் பாடம் கிடந்தது.
அவள் உட்காரவில்லை.
நீட்டிய கையோடு நின்றாள்,
நான் சாக்பீஸைக் கீழே வைக்கும்வரை.
எரிச்சலாக இருந்தது எனக்கு.
எரிச்சல்தான், வேறு பெயர் சொல்லத் தெரியவில்லை.

இந்தக் கட்டத்தில் அதை எப்படி எழுதுவது?
ஓரத்தில், அட்டையைத் திருப்பிக் குறுக்கே,
பொடி எழுத்தில் எழுதத் தொடங்கினேன்.
இடம் போதவில்லை.
ஒரு வெள்ளைத்தாள் எடுத்தேன்.

தோவேரா என்று எழுதினேன்.
எந்தத் தோவேராவுக்கு என்று
பேனாவுக்குத் தெரிந்திருந்தது.
அவள் ஊர் சிலும்பா. முகவரியாக
அதற்குமேல் ஒன்றும் என்னிடம் இல்லை.

முப்பத்தெட்டு அட்டைகள் குத்தாமல் கிடக்கின்றன.
மையின்மேல் ஒரு விட்டில் ஒட்டிக்கொண்டது.
காலை ஏழு மணிக்குத் தலைமையாசிரியர் கேட்பார்.
இவர் ஒரு முறைதான் கேட்பார்.