ஓல்ட்டனில் ஒரு பழைய சாப்

சாவித் துவாரம் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே.
குனிந்து தேடிய என் விரலை
கமலேந்திரனின் விரல் இடித்தது.
"மன்னிக்கோணும்" என்றார்,
இருபது வருடப் புருஷன்.

இருக்கை அருமை, இடுப்புவலி மறந்தே போச்சு.
ஹவென்ஸ்டைன் ஏற்றத்திலும் மூச்சு வாங்கவில்லை.
ஆனால் கம்பெனி செத்துவிட்டது;
ஒரு விளக்கு உடைந்தால்
பாகம் தேடி நாடு நாடாய் எழுத வேணும்.
பெட்ரோலும் குடிக்கும்.
மிக்ரோஸ் ரசீதின் பின்னால்
கூட்டிக் கழித்துக்கொண்டே வந்தார்.

கண்ணாடிகளை ஏற்றினேன்.
லாரிகள் ஊமையாகின.

எங்கள் ஓப்பலின் கடகடப்பில்
அவர் எது சொன்னாலும்
"ஆ?" என்பேன்.
"ஒண்டுமில்லை" என்று விட்டுவிடுவார்.

இதில்
பேனா நிற்பதுகூடக் கேட்கிறது.
"ஒண்டு சொல்லட்டா?" என்றார்.

பச்சை விழுந்தது.
நான் இன்னும் காரை எடுக்கவில்லை.